வட்டுக்கோட்டைக் குறிப்புகள்

2024 ஜூன் 8, சனி

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 1823 என்று சொல்லும். டானியல் பூவர் தலைமையில் அமெரிக்க மிஷன் இங்கே செமினறி என்ற உயர்கல்விப் பள்ளியைத் தொடங்கிய வருடம். 1855இல் அதை ஏன் மூடினார்கள் என்று கேட்டால்தான் முழிக்கும். ஆங்கிலம் படித்த பெடியள் மிஷன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மிஷனின் பொஸ்ரன் தலைமையகத்தின் மனக்குறை. மூடி இரண்டே வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள்! ஊராரும் விடவில்லை, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

பக்கத்து அராலிக்குப் போனேன். 1829 மார்ச் சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி, பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாருக்கும் பூவருக்கும் முரண்பாடு. பூவரின் கணக்கே சரிவந்தது என்பது மிஷன் பதிவு. இருக்கலாம். ஆனால் சாஸ்திரியார் பக்கத்துக் கதையை எங்கே போய்ப் படிப்பது? மிஷனரிமார் விழுந்து விழுந்து கடிதம் எழுதினார்கள், பொஸ்ரனில் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கள் ஏடுகளில் பாதி கறையானுக்குப் போனது. அதனால்தான் கல்லூரிப் பதிவுகளை விட்டுவிட்டு, பழைய தாள்களைத் தேடி வீடு வீடாக அலைகிறேன்.

ஜூன் 15, சனி

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி (போயா, பௌர்ணமி விடுமுறை)

ஒழுங்கைக் கடைசி வீட்டு ஆச்சி பெட்டகத்தைத் திறந்து காட்டினா. 1995 ஒக்ரோபரில், போரில் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவு, காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தவ. திரும்பி வந்தபோது புத்தகங்கள் இல்லை. தகப்பனின் கணக்குக் கொப்பி மட்டும் அடியில் கிடந்ததாம். புகையிலை விற்ற காசு, கிணறு இறைப்புக் கூலி, மகனின் கல்லூரிப் பணம், எல்லாம் ஊதா மையில். பணம் கட்டிய மாதங்களில் தேங்காய்க் கணக்கு குறைகிறது! கல்லூரி இந்த ஊருக்கு என்ன விலைக்கு வந்தது என்பதை எந்த மிஷன் அறிக்கையும் இப்படிச் சொல்லாது.

கிழிசலுக்கு யாரோ செலோரேப் ஒட்டி, அது மஞ்சளாகி எழுத்தையும் தின்றிருக்கிறது. உரிக்கப் போனால் தாளும் கூட வரும், அப்படியே விட்டேன். பொலித்தீன் பையை மட்டும் கழற்றி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். பைக்குள் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஜூன் 22, சனி

ஸ்கானருடன் திரும்பப் போனேன். 2005இலிருந்து ஈழத்து எழுத்துக்களை இணையத்தில் சேர்க்கும் ‘நூலகம்’ திட்டத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“குடு தம்பி. கடன் வாங்கின ஆக்களின்ர பக்கத்தை மட்டும் போடாதை. அவையின்ர பேரப்பிள்ளையள் இப்பவும் இந்த ஒழுங்கையிலதான் இருக்கினம்.”

அந்தப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணினேன், ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான். அது என்னிடமே இருக்கும்.