விதைத்தது ஒன்று, முளைத்தது வேறு

தோட்டம் போட்டு என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் கணக்கு எதுவும் கிடையாது. காய் கிடைக்கிறது, பூ கிடைக்கிறது, சரி, ஆனால் அதற்காக மட்டும் யாரும் தூக்கம் கலைந்ததும் கலையாததுமாகச் செடிகளுக்கு முன்னால் போய் நிற்க மாட்டார்கள். நான் போய் நிற்பது வேறு ஆசையில். நேற்று இல்லாத ஏதோ ஒன்று இன்று இருக்கும், அது பெரும்பாலும் நான் வைத்ததாக இருக்காது. தோட்டத்தில் நம் பங்கு நாம் நினைத்துக்கொண்டிருப்பதைவிட ரொம்பக் கம்மி. இது தெரிய வந்த பிறகுதான் எனக்குச் செடி வளர்ப்பில் உண்மையான ருசி தட்டியது.

மண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு பாத்தியைக் கொத்திக் களையெல்லாம் எடுத்து, ஒரு விதைகூடப் போடாமல் தண்ணீர் மட்டும் விட்டு வையுங்கள். சில நாட்களில் பச்சை கட்டிவிடும். எங்கிருந்து வந்தது? எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான். பல களைகளின் விதைகள் ஒரு நொடி வெளிச்சம் பட்டாலே விழித்துக்கொள்ளக்கூடியவை, நாம் கொத்தும்போது அவற்றைப் புரட்டி மேலே கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே வேறு செடிகளின் இலை அடர்ந்திருந்தால், சிவப்பு ஒளியை இலைகள் உறிஞ்சிக்கொண்டு அதைத் தாண்டிய தூரச்சிவப்பு ஒளியைத்தான் கீழே விடும். விதை அந்த வித்தியாசத்தை உணர்ந்து, தலைக்கு மேல் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று பேசாமல் படுத்துவிடும். வெறும் கடுகளவு விதைக்குள் இத்தனை விவரம்! லெட்டூஸ், பிட்டூனியா மாதிரியான பொடி விதைகளை மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகத் தூவிவிடச் சொல்வதும் இதே வெளிச்சக் கணக்கில்தான்.

இப்படி எத்தனை காலம் படுத்திருக்கும் என்று பார்க்க 1879-இல் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரு வேலை செய்தார். மிச்சிகன் வேளாண் கல்லூரி வளாகத்தில் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்து வைத்தார். முதலில் 5 ஆண்டுக்கு ஒன்று என்று தோண்டி எடுத்தார்கள், அப்புறம் இடைவெளியை 10 ஆக்கினார்கள், பிறகு 20. கடைசியாக எடுத்தது 2021-இல், வெளிச்சம் பட்டுவிடக் கூடாதென்று விடியும் முன் இருட்டிலேயே போய்த் தோண்டினார்கள், அதிலும் சில விதைகள் முளைத்தன! 1879-இல் மண்ணுக்குள் போன விதை. சோதனை 2100 வரை ஓடும். பீல் 1924-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதைப் படித்ததிலிருந்து 'இந்தத் தடவையோடு களையை ஒழித்துவிடுகிறேன்' என்று சபதம் போடுவதை நிறுத்திவிட்டேன். மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்குப் போட்டு வெளிச்சத்தை மறைப்பேன், முளைத்ததைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குவேன். சண்டைக்கெல்லாம் போவதில்லை.

முளைப்பதெல்லாம் களையாகவும் இருப்பதில்லை. மட்கு உரம் போட்ட தொட்டியில் தக்காளி தானாக வருவதைப் பார்க்காத தோட்டக்காரர் இருக்க முடியாது. தக்காளிக்குள் அவ்வளவு ஈரம் இருந்தும் விதை உள்ளேயே முளைத்துவிடாமல் அதைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சதைதான் தடுத்துவைக்கிறது. பழம் அழுகும்போது அந்தச் சதை கரைந்து தடையும் போய்விடுகிறது. குப்பைக் குழியில் அழுகியதை நாம் உரம் என்று நினைத்து அள்ளுகிறோம், அதுவோ நாற்றங்காலாக வந்து சேர்கிறது.

தானாக முளைத்த பூசணிக் கொடி வந்தால் எனக்கு இன்னும் குஷி, ஏனென்றால் என்ன காய்க்கும் என்று சொல்லவே முடியாது. தாய் எது என்று வேண்டுமானால் யூகிக்கலாம், தகப்பன் யார் என்பது தேனீக்குத்தான் வெளிச்சம். ஒரே இனத்தைச் சேர்ந்த ரகங்கள் அக்கம்பக்கத்தில் பூத்தால் தாராளமாகக் கலந்துகொள்ளும், உருண்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல் யாருமே பார்த்திராத காய் வரும். இங்கே ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. இப்படி வந்த பூசணியோ, சுரையோ, சீமைச்சுரையோ நுனியில் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். சமைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும்.

கொடிகளைப் பற்றி என்னிடம் அதிகம் வரும் புலம்பல், 'பூ நிறைய பூக்கிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை'. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அதில் காய் எப்படி வரும்? பெண் பூ சில நாள் கழித்துத்தான் வரும், அதன் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும், தேனீக்கள் அதற்குள் வந்து போயாக வேண்டும். சுரைப்பூ நேர்மாறு, பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும், அதற்கு ஆள் அந்துப்பூச்சிகள். சுரைக்கொடி வைத்துவிட்டுக் காலை பத்து மணிக்குப் போய் உற்றுப் பார்த்தால் என்ன தெரியும்? அந்தி மங்கிய பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். பூச்சிகளே வராத மாடியாக இருந்தால், ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டியதுதான். அரைகுறையாகத் தடவினால் பிஞ்சு கோணலாக வளரும், இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும்.

தக்காளி வேறு ஜாதி. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருக்கிறது, ஆனால் மகரந்தம் குழாய் மாதிரியான பைக்குள் அடைபட்டிருக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு, பலரும் பயந்து விரட்டுகிற அதே வண்டு, பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு உறுமு உறுமும், மகரந்தம் பொலபொலவென்று விழும். கத்தரிப்பூவிலும் இதே கதைதான். வண்டு வராவிட்டால் காலை வேளையில் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் போதும். வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் மட்டும் என்ன சுண்டினாலும் பூ உதிரத்தான் செய்யும், மகரந்தமே கெட்டுப்போயிருக்கும். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம், வெயில் தணிந்தால் தானாகக் காய்க்கும்.

அப்புறம் பூச்சி. செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சியான அசுவினி வந்துவிட்டால் பலருக்கும் கை மருந்துக்குத்தான் போகும். பயமும் நியாயம்தான், ஆணே இல்லாமல் பெண் அசுவினி குட்டிபோட்டுக்கொண்டே போகும், பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை வளர ஆரம்பித்திருக்கும். எறும்புகள் வேறு அவற்றின் இனிப்புக் கழிவுக்காகக் காவல் நிற்கும். ஆனாலும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, பார்க்கவே அருவருப்பாக ஒரு நீளப் புழு அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். அதுதான் நாம் கொஞ்சுகிற பொறிவண்டின் குழந்தைப் பருவம். வளர்ந்து கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று தீர்த்துவிடும். இது தெரியாமல் எத்தனை பேர் அதையே நசுக்கிப் போடுகிறார்களோ. மருந்தடித்தால் இரண்டும் சாகும், மறுபடி முதலில் பெருகுவது அசுவினிதான். நான் பலமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினிகளைத் தள்ளிவிட்டு, எறும்பு ஏறும் வழியை அடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள், அதுவும் ஒரு புழுவாக இருக்கலாம். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டும், குப்பென்று ஒரு வாடை அடிக்கும். சின்னச் செடியை மொட்டையடித்துவிடும், மறுக்கவில்லை. பெரிய செடி என்றால் நாலு கிளையை நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், வண்ணத்துப்பூச்சி வெளியே வருவதைப் பார்க்க அது நியாயமான கூலி.

செலவே இல்லாத வேடிக்கை ஒன்று வேண்டுமென்றால் பாகற்கொடியின் பற்றுக்கம்பியைப் பாருங்கள். பிடிமானம் தேடி மெதுவாகக் காற்றில் வட்டம் போடும், குச்சி தட்டுப்பட்டதும் சுற்றிக்கொள்ளும், அப்புறம் நடுப்பகுதி சுருளும். அந்தச் சுருளில் ஒரு பாதி ஒரு பக்கமும் மறு பாதி எதிர்ப்பக்கமுமாகத் திரும்பியிருக்கும். இரண்டு முனையும் கட்டுண்ட ஒன்றை வேறு எப்படியும் சுருட்ட முடியாது, பழைய டெலிபோன் ரிசீவர் ஒயர் நடுவில் திசை மாறிச் சிக்கிக்கொண்டதும் இதனால்தான். டார்வின் 1865-லேயே இதை உட்கார்ந்து கவனித்து எழுதிவைத்திருக்கிறார். காற்றடித்தால் இந்தச் சுருள் நீண்டு கொடுக்கும், கொடி அறுந்து போகாது.

பருவம் முடிந்து அவரை, தட்டைப்பயறு எல்லாம் காய்ந்த பிறகுதான் எல்லோரும் பிடுங்குவார்கள், ஆனால் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் பூக்கும் சமயத்திலேயே ஒரு செடியை மட்டும் தியாகம் செய்யுங்கள். மண்ணோடு மெதுவாகக் கிளப்பி, தண்ணீரில் அலசினால் வேரில் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும். நோய் இல்லை அது. ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குச் சமைத்துக் கொடுக்கும் இடம். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. மற்ற செடிகளைக் காய்த்து ஓய்ந்த பிறகு தரையோடு வெட்டிவிட்டு, வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறேன். அந்தப் பாத்தியில் அடுத்து கீரை.