செக் வால்வு மூடும் அந்த நொடி

தொழிற்சாலைக் குழாய்ப் பாதையில் இருக்கும் வால்வுகளில், மனிதக் கைக்கு வேலை வைக்காதது செக் வால்வு; நீரை ஒரே திசையில் ஓடவிட்டு, அது திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்வது. அதற்குக் கைச்சக்கரம் இல்லை. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் காட்டும் விளக்கும் பெரும்பாலும் இருப்பதில்லை. பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், 'என்.ஆர்.வி.' (நான்-ரிட்டர்ன் வால்வு) என்று நாங்கள் அழைக்கும் அந்த வால்வைப் பற்றி எனக்குச் சொல்லித்தரப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உடலில் வார்க்கப்பட்டிருக்கும் அம்புக்குறி, நீர் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அந்த 'மற்றது' எவ்வளவு பெரிது என்பது பிடிபட எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

குளிர்நீர் பம்ப் அறையில் மூன்று பம்ப்புகள் ஹெடர் என்னும் ஒரே பொதுக்குழாய்க்கு நீர் தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டு ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பையில் நிற்கும். ஓடும் இரண்டில் ஒன்றை நிறுத்தினால், ஒரு நொடி கழிவதற்குள் சம்மட்டியால் இரும்பை அறைந்தது போன்ற ஒரு சத்தம் கேட்கும். பிரஷர் கேஜின் முள் துள்ளி விழும். குழாயைத் தாங்கும் காலின் அடியிலிருந்து சிமெண்டுத் தூள் உதிரும். வால்வு கெட்டுவிட்டது என்றே எல்லோரும் முடிவு செய்தோம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் வழியை அடைக்கும் தட்டான டிஸ்க்கில் குறை இல்லை, அது வந்து உட்காரும் சீட்டில் கீறல் இல்லை, அது தொங்கும் ஹிஞ்ச் பின் தாராளமாக அசைந்தது. ஆனாலும் மனம் ஆறாமல், அதே வகையில் புதியது ஒன்றை வாங்கி மாட்டினோம். புதியது இன்னும் சுத்தமாக அறைந்தது.

ஸ்விங் வகைச் செக் வால்வில், டிஸ்க் மேலே ஒரு பின்னில் கதவுபோலத் தொங்கும். முன்னோக்கி வரும் நீர் அதைத் தள்ளித் தூக்கும். பாய்வு குறைந்தால் தன் எடையால் அது இறங்கும். எதிர்ப்பக்க அழுத்தம் அதைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும். புத்தகங்களில் திறந்த நிலைக்கு ஒரு படமும் மூடிய நிலைக்கு ஒரு படமும் இருக்கும். எங்கள் தொல்லை முழுவதும் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருந்தது. ஒரு பம்ப் நின்றாலும் மற்றொன்று ஹெடரை அழுத்திக்கொண்டே இருப்பதால், நின்ற பம்ப்பின் கிளையில் நீர் மிக விரைவாக வேகமிழந்து, அடுத்த கணமே பின்னோக்கித் திரும்பிவிடுகிறது. கனமான டிஸ்க்கோ முழுத் திறப்பிலிருந்து நீண்ட வளைவில் இறங்கி வர வேண்டும். அது சீட்டை வந்து தொடும்போது நீர் ஏற்கெனவே எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது; ஓடுகிற அந்த நீர்த்தூண் ஒரே அடியில் நிறுத்தப்படுகிறது.

அந்த அடியின் அளவைக் கணக்கிடும் வழியை, மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் சோதனைகள் செய்து 1898-ல் வெளியிட்டார் ரஷ்ய விஞ்ஞானி ஜுக்கோவ்ஸ்கி. நீரின் அடர்த்தியையும், குழாயில் அழுத்த அலை செல்லும் வேகத்தையும், நீரின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் பெருக்கினால் அழுத்த உயர்வு கிடைத்துவிடும். எஃகுக் குழாயில் அலையின் வேகத்தை நொடிக்கு 1200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடும் நீரை நிறுத்துவது ஏறக்குறைய 12 பார் அழுத்தத்தை எழுப்பும். நொடிக்கு 1 மீட்டர் என்பது அவசரமில்லாமல் நடக்கும் மனிதனின் வேகம்தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான், குழாயைத் தாங்கும் காலின் அடியிலிருந்து தூள் உதிர்வது எனக்கு வியப்பாக இல்லாமல் போனது. அதே வகை வால்வு, தனியாக ஓடும் வேறொரு பம்ப்பில் பல ஆண்டுகளாகச் சத்தமே இல்லாமல் கிடந்தது. அங்கே நீர் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் டிஸ்க் இறங்குவதற்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

டேஷ்பாட் என்னும் வேகத்தணிப்பு உருளையைப் பொருத்தி டிஸ்க்கை மெதுவாக இறக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது வேறொரு நோய்க்கான மருந்து என்பது என் கருத்து. மெதுவாக மூடினால் அந்த நேரம் முழுவதும் நீர் பம்ப்புக்குள் திரும்பி ஓடும். பம்ப்பும் மோட்டாரும் பின்சுழற்சியைத் தாங்கும் என்றால் மட்டுமே அதை ஏற்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது நீர் திரும்புவதற்கு முன்பே மூடிவிடும் வால்வு. குறுகிய தூரமே நகரும் டிஸ்க்கும், அதைத் தள்ள ஸ்பிரிங்கும் கொண்ட நாசில் வகையைக் கேட்டு எழுதினோம். அது வந்து சேரும் வரை, பம்ப்பிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்து டிஸ்சார்ஜ் வால்வை மெல்ல மூடிய பிறகே பம்ப்பை நிறுத்துவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். மின்சாரம் போய் பம்ப் தானாக நின்றால் அந்த வழக்கம் எதற்கும் உதவாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த இடைவெளியில் வேறொரு பாதையிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை வருவதாகச் சொன்னார்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. அந்தப் பாதையின் நீர்த்தேவை முன்பே பாதியாகக் குறைந்துவிட்டிருந்தது. வால்வோ குழாயின் விட்டத்துக்கு ஏற்ப வாங்கிய 8 அங்குல வால்வு. டிஸ்க்கை முழுவதும் தூக்கிப் பிடிக்க அந்தப் பாய்வுக்கு வலுவில்லை; போதாக்குறைக்கு வால்வுக்குச் சற்று முன்னால் ஒரு எல்போ இருந்தது. இப்படிப்பட்ட வளைவுக்கும் செக் வால்வுக்கும் நடுவே விட்டத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு நீளத்துக்காவது நேர்க்குழாய் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. எங்கள் பாதையில் ஒரு முழம்கூட இல்லை. திறந்தபோது, பின் நுழையும் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. பின்னின் கழுத்து இளைத்திருந்தது. டிஸ்க்கின் நட்டைப் பிடித்திருக்க வேண்டிய காட்டர் பின்னைக் காணவில்லை. அதில் பாதி, கீழே இருந்த ஸ்ட்ரெய்னர் வடிகட்டியில் கிடைத்தது.

நட்டு மட்டும் இன்னும் சில சுற்று கழன்றிருந்தால் டிஸ்க்கே விழுந்திருக்கும். அமெரிக்காவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தின் முதல் அலகில் 1985 நவம்பர் 21 அன்று நடந்ததைப் பிறகு படித்தேன். அங்கே நீரூட்டுப் பாதையின் ஐந்து செக் வால்வுகள் யாருக்கும் தெரியாமலே பழுதாகிக் கிடந்தன. மின்சாரம் தடைபட்ட அன்று, அவை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் மூடவில்லை. குழாயில் பெரும் நீர் அடி விழுந்தது. ஓடும் காலம் முழுவதும் திறந்தே கிடக்கும் ஒரு பாகம் கெட்டால், ஓட்டம் நிற்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

சரியாக மூடிய வால்வும் முழுக்க அடைத்துவிடுவதில்லை. உலோகச் சீட் கொண்ட செக் வால்வுக்கு, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 598 தரநிலையின் நீர்ச்சோதனையில், அளவின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் வரை கசிவு அனுமதிக்கப்படுகிறது. அதாவது, புத்தம்புதிய 8 அங்குல வால்வு நிமிடத்துக்கு 24 மில்லிலிட்டர் கசிந்தாலும் தேர்ச்சி பெற்றதுதான். செக் வால்வை நம்பி அதன் மறுபக்கக் குழாயைக் கழற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். கைச்சக்கரமுள்ள வால்வை மூடிப் பூட்டிய பிறகே ஸ்பேனரைத் தொடுவோம்.

கசிவு பெரிதானால் என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியவர் ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த ஓர் ஆபரேட்டர். ஸ்டாண்ட்பை பம்ப்பை ஓட்ட நான் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனபோது, "தம்பி, முதல்ல ஷாஃப்டைப் பாருங்க" என்றார். பம்ப்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் சத்தமின்றித் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் செக் வால்வின் டிஸ்க்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஏதோ சிக்கி, ஹெடர் நீர் பம்ப்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரை டர்பைன் போல ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்திருந்தால் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம்.

நாசில் வால்வு வந்து பொருத்தப்பட்ட நாளில், டிஸ்சார்ஜ் வால்வைத் திறந்தபடியே விட்டு பம்ப்பை நிறுத்தச் சொன்னோம். பழக்கத்தில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சத்தம் வரவில்லை. கேஜின் முள் லேசாக நடுங்கி நின்றது. வால்வு மூடியதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஆபரேட்டர் மட்டும் கேஜைப் பார்க்காமல் பம்ப்பின் அருகே குனிந்து, கப்ளிங் வேகம் தணிந்து நிற்கும் வரையும், நின்ற பிறகு கொஞ்ச நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பிச் சுற்றவில்லை.