ஊட்டிக் குளிருக்கு ஒரு குங் பாவ் சிக்கன்

நேற்று மழை விடவே இல்லை, கடைக்குப் போக மனமில்லாமல் வீட்டிலேயே குங் பாவ் சிக்கன் செய்தேன். சீனாவின் சிச்சுவான் மாகாணத்துப் பண்டம். அரைக் கிலோ எலும்பில்லாத கோழியைச் சின்னதாக நறுக்கி, சோயா சாஸும் ஒரு ஸ்பூன் சோளமாவும் பிசறி 20 நிமிடம் வைத்தால் கறி வறளாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் சோறு வேகத்தான் நேரமாகும், எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை. இரும்புச் சட்டி புகைய வேண்டும், கோழியை இரண்டு தடவையாகப் போட வேண்டும். நான் அவசரத்தில் மொத்தமாகக் கொட்டி, அது நீர்விட்டு, வறுவல் குழம்பாகிவிட்டது! சரி, தீயைக் கூட்டிச் சுண்டவைத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, வேர்க்கடலை சேர்த்தேன். நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு கைவசம் இல்லை. நம்ம மிளகில் காரம் வரும், நாக்கு மரத்துப்போகாது. சட்டி மட்டும் காலியாகிவிட்டது.