அப்பா தாளம் போட்டுப் பார்த்தார்

போன மாதம் எங்கள் கோயில் மண்டபத்தில் பொங்கல் விழாவுக்கான கூட்டம் நடந்தது. என் அண்ணன் மகன் தன் இரண்டு நண்பர்களோடு பத்து நிமிடம் ராப் பாட இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். அவன் சார்பாக நான் போயிருந்தேன். செயலவையில் இருந்த ஒரு பெரியவர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது பாட்டு இல்லம்மா, பேச்சு. பேசறதுக்கு எதுக்கு மேடை, மைக்கு, லைட்டு?" என்று என்னைக் கேட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஐயா, ஆசைப்படறாங்க" என்றேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆசைப்படுகிறார்கள் என்பதற்காகவா இடம் கேட்டோம்? அவன் எழுதியது நன்றாக இருக்கிறது, அதனால் கேட்டோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியை. வெளியூர்க்காரர்களில் சிலருக்கு எங்கள் ஊர் என்றால் மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நினைவுக்கு வருவார். மற்றவர்களுக்கு ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் பழைய சாலையில் போகும்போது கடந்து போகிற ஊர். அப்பா தோட்டத்தில், விடியுமுன் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற கூட்டம்) நின்றுவிட்டுப் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை இடித்த பிறகுதான் டவுனுக்குப் பக்கத்தில் இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்தோம். அப்பாவுக்கு இப்போது 76 வயது. தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவில் முப்பது வருடம் டோலக் வாசித்தவர்.

அன்று இரவு கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அப்பா அந்தப் பெரியவர் பக்கம்தான் பேசினார். "அவர் சொல்றதுல என்ன தப்பு? சண்டை போடற மாதிரி வேகமா பேசறானுங்க. அதுக்குப் பின்னால யாரோ டம் டம்னு அடிக்கிறான்." பையன் எதுவும் பேசவில்லை. அவனுக்கு 19 வயது. தாத்தாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நான்தான், "கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா வீட்டு முன் அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "போனை இங்க குடு" என்றார். பையன் தான் எழுதிய ஒரு பகுதியைப் பீட்டோடு பதிவு செய்து வைத்திருந்தான். அப்பா கண்ணை மூடித் தொடையில் தட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "மறுபடி போடு" என்றார். இரண்டாவது தடவை விரலை மடக்கி எண்ணினார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு சொன்னார்: "எட்டு ஆவர்த்தம் வருது. ஆதி தாளம்தான். ஆனா மூணாவதுல எடுப்பு, தொடங்கற இடம், தள்ளி வருது. வேணும்னே தள்ளினியா, தவறிப் போச்சா?"

"வேணும்னேதான் தாத்தா."

"ம்" என்றார் அப்பா. வாசித்த காலத்தில் பக்கத்தில் தாளம் போடுகிறவன் நன்றாகப் போட்டால் இப்படித்தான் "ம்" என்பார்.

கணக்கு உண்மையிலேயே சரிதான், நான் அப்புறம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ராப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பகுதியைப் பதினாறு 'பார்' என்று அளந்து எழுதுகிறார்கள். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, மொத்தம் 64. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 8, அப்படியானால் எட்டு ஆவர்த்தனம். இந்த அளவுக்குள் மூச்சு எங்கே வாங்குவது, எந்தச் சொல்லை அடிமேல் வைப்பது, எதை அடிக்கு முன்னால் இழுத்து வைப்பது, நான்காக ஓடுகிற நடையை எங்கே மூன்றாக மாற்றுவது என்பதெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் முடிவெடுக்க வேண்டிய காரியம். சும்மா வேகமாகப் பேசுகிறவனுக்கு மூன்றாவது வரியிலேயே மூச்சு முட்டிவிடும். நம்பாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

தமிழில் இதற்கு இன்னொரு கஷ்டம் உண்டு. அதைப் பையன்தான் எனக்குப் புரியவைத்தான். ஆங்கிலத்தில் வரியின் கடைசிச் சொல் ஒலி ஒத்துப் போனால் அது ஒரு திறமை. தமிழில் அது இலவசம். வந்தேன், நின்னேன், பார்த்தேன், போனேன் என்று வினைச்சொல்லை வைத்து முடித்தால் எல்லா வரியும் தானாக ஒத்துப் போகும். கைபேசியில் கேட்கக் கிடைக்கிற தமிழ் ராப்பில் பாதி இந்தச் சோம்பலில்தான் ஓடுகிறது. பிடிக்கவில்லை என்கிற பெரியவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. நன்றாக எழுதுகிறவன் வரியின் தொடக்கத்திலும் நடுவிலும் எதுகையைக் கொண்டுவருவான், இரண்டாம் எழுத்தைத் தேடுவான். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்யும்போது சலித்துக்கொண்ட அதே எதுகையும் மோனையும்தான். மேடை கிடைத்தால் பிள்ளைகள் அதைத் தாமாகவே தேடிப் போகிறார்கள் என்பது ஓர் ஆசிரியைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா?

அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார். "தாளம் சரி. ராகம் எங்க?"

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. தாத்தா இறந்தபோது லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டி வைத்த ஒப்பாரியில் ராகம் என்று சொல்ல நாலு ஸ்வரம்கூடத் தேறாது. மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இறக்கம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் தாத்தா ஏறி வந்த கப்பல் இருந்தது, பால் வாளிகளைத் தொங்கவிடும் காண்டாக் கம்பைத் தூக்கித் தூக்கித் தழும்பேறிய தோள் இருந்தது, தோட்டத்தில் கடைசி மாதம் கொடுக்காமல் விட்ட சம்பளமும் இருந்தது, எத்தனை வெள்ளி என்கிற கணக்கோடு. அந்த இடத்திலேயே கட்டிய வரிகள். லயமே அசையாமல் நின்று கேட்டது. அதை யாரும் பேச்சு என்று சொல்லவில்லை. அப்பா அழுததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். இதைச் சொன்னபோது அவர் பதில் பேசாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அடுத்தவன் மெட்டைத் திருடறது?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

இது நியாயமான கேள்வி. 2006-இல் மலேசிய ராப் பாடகர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது எனக்கு 25 வயது. ஈப்போவுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் 'மடை திறந்து' பாட்டை முதலில் கேட்டேன். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா போட்ட பாட்டு அதன் அடியில் ஓடுகிறது. அதன்மேல் நம் ஊர்ப் பையன்கள் நம் ஊர் வாயால் தமிழ் பேசுகிறார்கள். யோகி பி அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கியவர். அந்தக் கனத்த குரல் தமிழுக்கு வந்தபோது பஸ்ஸில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை பாட்டு என்றால் சென்னையிலிருந்து வர வேண்டும், நாங்கள் கேட்க வேண்டும். நாங்கள் பேசுகிற தமிழ் பாட்டுக்கு ஆகாது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அதனால் அப்பாவிடம் கேட்டேன்: "நீங்க பஜனையில என்ன மெட்டுல முருகன் பாட்டு பாடுவீங்க?" சினிமா மெட்டுதான். டி.எம்.எஸ். பாடிய காதல் பாட்டின் மெட்டை எடுத்து வார்த்தையை மாற்றி, ஆறுமுகத்தை உள்ளே வைத்து முப்பது வருடம் பாடினார்கள். கேட்டவர்கள் சாமி வந்து ஆடினார்கள். திருட்டு என்று அதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். காசு பண்ணும்போது மூலத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும், பங்கு கொடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ராப்புக்குத் தாய்வீடான ஹிப் ஹாப் தொடங்கியதே எடுத்ததை வேறொன்றாக்கியதில்தான். 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ என்கிற அடுக்குமாடி வீட்டின் பொது அறையில் ஒரு விருந்து. பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பெண் நடத்தியது. பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன், பிறகு டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து 12 வயதில் அங்கே வந்தவர். பாட்டில் பாடகர் நிறுத்தி, மேளம் மட்டும் வருகிற சில விநாடிகளுக்குத்தான் கூட்டம் ஆடுகிறது என்று கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டை வாங்கி, ஒன்று முடியும்போது மற்றொன்றில் அதே இடத்தைப் போட்டு அந்தச் சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். உருமி மேளத்தில் சாமி வருகிற அந்த ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு மேளக்காரர் விடாமல் வாசிப்பாரே, அதே அறிவு. அப்பாவுக்கு இதைச் சொன்னதும் உடனே புரிந்தது. "அந்த ஆள் கூட்டத்தைப் பார்த்திருக்கான்" என்றார்.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது, மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. பையன் இதையும் சொன்னான். அப்பா அசையவில்லை. எனக்கும் பரிசு ஒரு காரணமாகப் படவில்லை.

கெட்ட வார்த்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலர் பள்ளியில் ஆறு வயதுப் பையன் ஒருவன், அர்த்தம் தெரியாமல், பெண்களைக் கேவலமாகப் பேசுகிற ஒரு வரியைப் பாடிக்கொண்டு கை கழுவினான். அன்று முழுவதும் எனக்கு மனசு ஆறவில்லை. பாராங் கத்தியைத் தூக்குவதும் அடிதடிக் கும்பல்களுக்குப் பெயராக இருக்கிற எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவதும் எங்கள் பிள்ளைகளின் பாட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த எண்களால் மகனை இழந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை வேறொருவன் மிரட்டலைக் கடன் வாங்கியவை, கேட்டதுமே தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் நன்றாகவே கட்டப்பட்டவை. அவற்றை என் வீட்டில் போட விடமாட்டேன். ஆனால் நன்றாகக் கட்டியிருக்கிறது என்பதை மறுக்கவும் மாட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்வி.

இதே வடிவத்தில் 1982-லேயே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவ் குழுவும் தங்கள் தெருவின் உடைந்த கண்ணாடியையும் வறுமையையும் பாடிவிட்டார்கள். தன் வீட்டு வாசலைப் பார்த்து எழுதுகிற வழி அப்போதே திறந்துதான் இருந்தது. என் அண்ணன் மகன் எழுதியிருப்பது தாத்தாவின் தோட்டத்தை.

அதை அப்பா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "தாளம் இருக்கு, வார்த்தை இருக்கு. பாட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்கிறார். நானும் வற்புறுத்தவில்லை. செயலவை ஆறு நிமிடம் கொடுத்திருக்கிறது, பரிசளிப்புக்கு முன்னால். வரிகளை முழுவதும் எழுத்தில் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் நேற்று ராத்திரி பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். உச்சி வெயிலில் பால்மரம் வெட்டுவதாக ஒரு வரி.

அப்பா கையை நீட்டி நிறுத்தினார். "உச்சி வெயில்ல எவன்டா மரம் வெட்டுவான்? வெயில் ஏறினா பால் நின்னு போகும். விடியறதுக்குள்ள வெட்டணும், நெத்தி விளக்கு கட்டிக்கிட்டு. நீ பாட்டுக்கு எழுதுற, பழைய ஆளுங்க கேட்டா என்ன நினைப்பாங்க?"

பையன் அந்த வரியை அடித்துவிட்டு 'இருட்டு' என்று எழுதினான். அதற்கு எதுகை தேடி, திருட்டு, உருட்டு, மிரட்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா உள்ளே எழுந்து போனார். கோப்பி கலக்குகிற சத்தம் கேட்டது. அங்கிருந்தே குரல் வந்தது.

"பெரட்டு."