குற்றத் தீர்ப்பு வந்தால் நோட்டரி பதவி என்ன ஆகும்?

எப்.ஐ.ஆர். இருந்தாலே நோட்டரி (ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமிப்பவர்) ஆக முடியாது என்ற பேச்சு நீதிமன்ற வளாகங்களில் அடிக்கடி அடிபடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு கேட்பது நீதிமன்றத்தின் குற்றத் தீர்ப்பை. அதுவும் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்கான தீர்ப்பை. அப்படி ஒரு தீர்ப்பு வந்துவிட்டால், நியமித்த அரசு (மத்திய அரசோ மாநில அரசோ) ஆணையிட்டுத் தன் நோட்டரிகள் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம்.

எது ஒழுக்கக்கேடு? சட்டம் வரையறுக்கவில்லை. சிக்கல் முழுக்க இங்கேதான். மோசடி, பொய் ஆவணம், லஞ்சம் ஆகியவற்றில் தப்ப வழியில்லை. சாட்சிக் கையெழுத்தை நம்பியே நடக்கும் தொழிலில் அது நியாயமும்கூட. அடிதடி அப்படியல்ல. 2019இல் உச்ச நீதிமன்றம், ஆயுதத்தால் காயப்படுத்திய வழக்கில் தண்டனை பெற்ற ஒரு வங்கி ஊழியரின் குற்றம் ஒழுக்கக்கேடு ஆகாது என்றது. சட்டப்பிரிவின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. நோக்கம் என்ன, எந்தச் சூழலில் நடந்தது என்று தீர்ப்பை முழுக்கப் படிக்க வேண்டும்.

புதிதாக விண்ணப்பிப்பவருக்கு வடிகட்டல் இன்னும் முன்னாலேயே நடந்துவிடுகிறது. வழக்கறிஞராக 10 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 7 ஆண்டு. வழக்கறிஞராகப் பதிவதையே வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு தடுக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்குச் சிறையிலிருந்து வெளிவந்து 2 ஆண்டு கழிந்தால்தான் அந்தத் தடை நீங்கும். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையோடு) விடுவிக்கப்பட்டவருக்கு இந்தத் தடையே கிடையாது. ஆகவே தீர்ப்பு நகலில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் மேல்முறையீடு. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நின்றது சிறைவாசம் மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே உயிரோடு இருக்கிறது. அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். பதவி போவதால் வரும் சீர்செய்ய முடியாத பாதிப்பை மனுவில் குறிப்பாக எழுத வேண்டும். அரிதான வழக்குகளில்தான் நீதிமன்றம் இதற்கு இணங்கும்.

குற்றவாளி அல்ல என்று விடுதலையானாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதே 10ஆம் பிரிவு, தொழில்சார்ந்த அல்லது வேறு தவறான நடத்தை விசாரணையில் உறுதியானாலும் பெயரை நீக்க இடம் தருகிறது. ஆள் நேரில் வராமலே பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் நோட்டரி தன் பதிவேட்டில் எழுதாமல் முத்திரை குத்துவதும் இதற்குள் அடங்கும். இதற்குக் குற்ற வழக்கே தேவையில்லை. 1956ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் விதிப்படி புகார் வந்தால், நகல் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அப்போது கைகொடுப்பது உங்கள் நோட்டரி பதிவேடுதான். தேதியும் கையெழுத்தும் விடுபடாமல் இருந்தால் பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும்.

பெயர் நீக்கப்பட்ட பிறகும் முத்திரையைப் பயன்படுத்தினால் அது 12ஆம் பிரிவின்கீழ் சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றம்.