நாக்கில் சனி பிடித்த நான்கு பிள்ளைகள்

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வாயிலிருந்து வேண்டாத சொல் ஏதாவது வந்துவிட்டால் பாட்டி அதட்டுவார்: "ததாஸ்து தேவதை மேலே போய்க்கொண்டிருக்கும், நல்லதையே பேசு." நாம் எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் அந்தத் தேவதையின் வேலை. ஆங்கில எழுத்தாளர் ஈ. நெஸ்பிட் 1902-இல் எழுதிய 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' என்ற நாவலை என் மகனுக்கும் மகளுக்கும் இரவுதோறும் தமிழில் சொல்லி வந்த நாட்களில், பாட்டியின் அந்த அதட்டல்தான் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

லண்டனிலிருந்து கென்ட் மாவட்டத்து நாட்டுப்புற வீடொன்றுக்கு ஒரு குடும்பம் வருகிறது. தந்தை தொழில் விஷயமாகவும், தாய் உடல்நலமில்லாத பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காகவும் வெளியூர் சென்றுவிட, சிரில், ஆந்தியா, ராபர்ட், ஜேன் ஆகிய நால்வரும் ஒரு கைக்குழந்தையும் பணியாளர்களின் பொறுப்பில் விடப்படுகிறார்கள். முதன்முதலில் 'பா' என்று கத்தியதால் அந்தக் குழந்தைக்கு 'ஆட்டுக்குட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பூமியைத் துளைத்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்து, பக்கத்திலிருந்த சரளைக்கல் பள்ளத்தில் நால்வரும் தோண்டும்போது, நத்தையைப் போல நீட்டி மடக்கும் கண்களும் வௌவால் காதுகளும் சிலந்தியின் உருண்டை உடலும் குரங்கின் கைகால்களும் கொண்ட மணல் தேவதை ஒன்று வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயரை எழுதுவது கடினம் என்றாலும் உச்சரிப்பு 'சாமியட்' என்பதுதான். வரம் கொடுக்கும் பிராணியின் பெயரிலேயே 'சாமி' இருப்பது என் மகனுக்குப் பெரும் மகிழ்ச்சியை அளித்தது. அன்றிலிருந்து அவன் அதைச் 'சிடுசிடு சாமி' என்றே அழைக்கிறான். அதற்குத் தண்ணீர் என்றால் உயிர்ப்பயம். பழங்காலத்துக் குழந்தைகள் மணற்கோட்டை கட்டி, சுற்றிலும் அகழி வெட்டி நீர் விட்டதால்தான் தன் இனமே நனைந்து, சளி பிடித்து அழிந்தது என்று அது அலுத்துக்கொள்கிறது.

நாளுக்கு ஒரு வரம். அதுவும் சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். நாவல் முதலில் 'ஸ்ட்ராண்ட்' இதழில், எச். ஆர். மில்லரின் ஓவியங்களோடு தொடராக வெளிவந்தது என்பதை அறிந்தால் இந்த விதியின் வசதி புரியும்: ஒரு நாளுக்கு ஒரு வரம், ஓர் இதழுக்கு ஒரு வம்பு. அழகாக வேண்டும் என்று கேட்டால், அடையாளம் தெரியாமல் வீட்டுக் கதவே சாத்தப்படுகிறது. பள்ளம் நிறையப் பொற்காசு கேட்டால், 1814-உடன் அச்சடிப்பு நின்றுபோன கினி நாணயங்கள் குவிகின்றன. அசல் தங்கமாக இருந்தும் கடைத்தெருவில் அவை செல்லாக்காசுதான். சிறகு கேட்டுப் பறந்தவர்கள் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் தூங்கிப்போக, சூரியன் மறைந்து சிறகும் மறைந்துவிடுகிறது.

ஆனால் இப்படி யோசித்துக் கேட்ட வரங்களைவிட, யோசிக்காமல் வாய்தவறி விழுந்த வரங்கள்தான் என்னைக் கட்டிப்போட்டன. உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் எரிச்சலில் சொல்லிக்கொள்வதில் எத்தனையைச் சொன்னபடியே வேண்டுகிறோம்? ஆட்டுக்குட்டியின் தொல்லை பொறுக்காமல், 'இவனை யாராவது கொண்டுபோனால் தேவலை' என்ற பொருள்படச் சொன்ன அன்று, வழியில் காண்கிற எல்லோரும் குழந்தையைத் தூக்கிப்போக அலைகிறார்கள். இன்னொரு நாள் 'இவன் சீக்கிரம் வளர்ந்து தொலைக்கக்கூடாதா' என்ற எரிச்சல் பலித்து, மரத்தடியில் கிடந்த குழந்தை அரும்புமீசை வைத்த இளைஞனாக எழுந்து, அண்ணன் அக்காக்களையே பொடிசுகளாகப் பார்க்கத் தொடங்குகிறான். சைக்கிளில் ஏறித் தன் பாட்டுக்குப் போகப் பார்ப்பவனைத் தடுக்க, அவர்கள் டயரைக் குத்திவிடுகிறார்கள். பணியாளர்களின் கண்ணுக்கு மட்டும் மந்திரம் தெரியக்கூடாது என்று முன்பே கேட்டு வாங்கியிருந்ததால், வீட்டு வாசலில் பணிப்பெண் மார்த்தா அந்த மீசைக்காரனை 'என் செல்லமே' என்று கொஞ்சி, அப்படியே இரு கைகளாலும் வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அவன் உதைத்துத் திமிறுவதை நடித்துக் காட்டியபோது, என் மகள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள்.

ஆந்தியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு விழிக்க வேண்டுமானால் மல்லாந்து படுத்து, மோவாயை மார்பில் பதித்து, தலையணையில் ஐந்து முறை தலையை மோதிக்கொள்வது அவளுடைய முறை. மற்றவர்கள் தூங்கும்போது தனியே போய்ச் சாமியட்டிடம் ஆலோசனை கேட்கிற அளவுக்குப் பக்குவமும் அவளுக்குத்தான் உண்டு. இந்த முறையைச் சோதித்த என் மகள் ஏழு முறை மோதிக்கொண்டு எட்டரைக்கு எழுந்தாள் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

நாடோடிகளையும் செவ்விந்தியர்களையும் நெஸ்பிட் காட்டும் விதம் இன்று உறுத்துகிறது. செவ்விந்தியர் அத்தியாயத்தில் பாதியை விட்டுவிட்டே நான் சொன்னேன்.

கடைசியில், தன்னைப் பற்றிப் பெரியவர்களிடம் மூச்சுவிடக்கூடாது என்று சாமியட் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறது. பெரியவர்களுக்குத் தெரிந்தால் வருமானத்துக்கேற்ற படிநிலை வரி, முதியோர் ஓய்வூதியம், ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இலவச இடைநிலைக் கல்வி என்று சப்பென்ற விஷயங்களாகக் கேட்பார்களாம், கேட்டு வாங்கியதைக் கலையாமல் வைத்தும் கொள்வார்களாம், உலகமே தலைகீழாகிவிடுமாம். இதை எழுதியவர், இத்தகைய சீர்திருத்தங்களுக்காக வாதாடிய சோஷலிச அமைப்பான ஃபேபியன் சங்கத்தை 1884-இல் தொடங்கியவர்களுள் ஒருவர் என்பதால், அவர் அடக்கிய சிரிப்பு இந்த வரியில் நன்றாகவே கேட்கிறது. பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908-இல் வந்துவிட்டது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்போ யாரோ சாமிகிட்ட சொல்லிட்டாங்க" என்றான் மகன்.