முதலில் திருநின்றவூர், அப்புறம்தான் காஞ்சி

பட்டாபிராமிலிருந்து காஞ்சிபுரம் போக வேண்டுமென்றால் நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நசரத்பேட்டையில் இறங்கி, பெங்களூரு ஹைவேயைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தபோது என் திட்டமும் அதுதான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த அம்மா, பெல்ட்டைக்கூட மாட்டாமல், "நேரா திருநின்றவூருக்கு விடு" என்றார்.

"சுத்துமா அது. திருவள்ளூர் போய், ஸ்ரீபெரும்புதூர் வந்து..."

"சுத்தட்டும். ராஜாவே காத்துக்கிட்டிருந்தாரு, உனக்கென்ன அவசரம்?"

எந்த ராஜா என்று பின்னாலிருந்து சின்னவன் கேட்டான். அவ்வளவுதான், கதை ஆரம்பித்துவிட்டது. பெரிய புராணத்தில் வருகிற பூசலார் கதை. சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டவர், கையில் காலணா இல்லை, எங்கெங்கோ அலைந்து கேட்டும் பணம் சேரவில்லை, சரி என்று மனசுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சர்களை வரவழைத்து, நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, விமானம், மதில், கிணறு, குளம் வரைக்கும் கட்டி முடித்து, கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்துவிட்டார். அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ ராஜா தன்னுடைய கற்கோயிலுக்கும் நாள் வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி சிவன் ராஜாவின் கனவில் வந்து, நாளைக்கு நாம் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறோம், உன்னுடையதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ராஜா விழுந்தடித்து நின்றவூர் வந்து கோயில் எங்கே என்று கேட்டால், ஊர்க்காரர்கள் அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லையே என்று முழிக்கிறார்கள்.

"அந்தக் கோயில்ல எத்தனை படி ஆயா?" என்றான் சின்னவன். முட்டி வலிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அம்மா யோசிக்கவே இல்லை. "படியே கிடையாது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர்கூட இல்லாத திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கு நான் அதுவரை போனதே இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். சின்னக் கோயில். கருவறையிலேயே லிங்கத்துக்குப் பக்கத்தில் பூசலார் இருக்கிறார், வேறு கோயில்களில் நாயன்மார்களைச் சுற்றுப்பிரகாரத்தில் வரிசையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு மாதிரி நெகிழ்ச்சியாக இருந்தது. இதய நோய்க்காக வேண்டிக்கொள்ள நிறையப் பேர் இங்கே வருகிறார்கள். அப்படியே பக்கத்தில் பக்தவத்சலப் பெருமாள் கோயில், அங்கே தாயாருக்குப் பெயர் என்னைப்பெற்ற தாயார். அந்தப் பெயரை என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை வாசித்தாள். நான் வண்டியில் கொஞ்சம் குரலை உயர்த்தியிருந்தேன், அதற்காக.

திருவள்ளூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் லாரிக்கு வழிவிட்டே போனோம். பொன்னேரிக்கரையில் இடது பக்கம் திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பைக் ஆசாமி கண்ணாடி ஓரமாகவே வந்து, பட்டுப்புடவை நெசவு பார்க்கலாம் சார், சும்மா பார்த்துட்டு வரலாம் என்று விடாமல் கூப்பிட்டார். பின்சீட்டில் ஒரு சலனம் தெரிந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

கைலாசநாதர் கோயில் காமாட்சி சன்னதித் தெரு நெரிசலிலிருந்து தள்ளி, ஊரின் மேற்குக் கோடியில் புல்வெளிக்கு நடுவே தனியாக இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, பூசலாருக்காகக் காத்திருந்த கற்றளி இதுதான் என்று சொல்கிறார்கள். கருங்கல் இல்லை, மணற்கல். அதனால்தான் பாதிச் சிற்பங்களுக்கு மூக்கும் விரலும் கரைந்து போயிருக்கின்றன. சுற்றிலும் மதிலை ஒட்டி 58 குட்டிச் சன்னதிகள், சிலவற்றில் பழைய ஓவியத்தின் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோயிலின் சொத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். எதிரி ஊரில் வந்து வெட்டிய அந்த எழுத்தை மகள் ரொம்ப நேரம் தேடிக் கண்டுபிடித்தாள்.

உள்ளே பதினாறு பட்டை லிங்கம். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய உள்சுற்று இருக்கிறது, தரையோடு தரையாக ஒரு பொந்தில் தவழ்ந்து நுழைந்து, சுற்றி வந்து, இன்னொரு பொந்து வழியாக வெளியே வர வேண்டும். மறுபிறவி எடுத்த மாதிரி என்பார்கள். சின்னவன் பல்லி மாதிரி போனான், மகள் போனாள், மனைவியும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் நுழையும்போதே தோளைச் சாய்க்க வேண்டியிருந்தது, வெளியே வருகிற இடத்தில் வயிறு மாட்டிக்கொண்டது. இருட்டு, வவ்வால் வாடை, முழங்கைக்குக் கீழே சில்லென்று கல். நமசிவாய என்று ஆரம்பித்தது ஒரு கட்டத்தில் "யாராவது இழுங்கப்பா" என்று முடிந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று ராஜசிம்மனுக்குக் காணிக்கை.

அம்மா உள்ளே வரவில்லை, முட்டி மடங்காது. யாளித் தூண் நிழலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் கல்லைத் தேய்த்து, ஒட்டிக்கொண்ட பொடி மணலை விபூதி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதீங்கம்மா, ஆயிரத்து முன்னூறு வருஷத்துக் கல் என்று கையை எடுத்துவிட்டேன். உங்களால்தான் சுற்ற முடியாமல் போச்சு அத்தை என்று மனைவி வருத்தமாகச் சொன்னாள்.

"நான் எப்பவோ சுத்திட்டேன். உம் புருஷன் உள்ள மாட்டிக்கிட்டுக் கத்துனப்ப எனக்கு மூணாவது சுத்து."

காமாட்சியம்மனிடம் நல்ல கூட்டம், நடை சாத்தும் நேரம் வேறு. பத்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மனையும் முன்னால் ஸ்ரீசக்கரத்தையும் அரை நிமிஷம் பார்க்க முடிந்தது. காஞ்சியில் சிவன் கோயில்களில் பொதுவாக அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, எல்லாவற்றுக்கும் சேர்த்து இவள்தான் என்பார்கள். மதியச் சாப்பாடு சுமார். 4 மணிக்கு மேல் ஏகாம்பரநாதர், மணல் லிங்கம் என்பதால் அபிஷேகம் ஆவுடையாருக்கு மட்டும்தான். அந்த நீளப் பிரகாரத்தை அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி வரைக்கும் நடந்தார்.

கடைசியாக வரதராஜப் பெருமாள். 2019-ல் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தபோது வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போன குடும்பம் நாங்கள். அடுத்தது 2059. அது நடக்காது, மூலவரையாவது பார்க்கணும் என்றார் அம்மா. மூலவர் இருப்பது அத்திகிரியின் மேலே, 24 படி. சரி, இங்கேயும் கீழேயே உட்காரப் போகிறார் என்று நான் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கையில் சுவரையும் இன்னொரு கையில் சின்னவனையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று ஏற ஆரம்பித்துவிட்டார். சின்னவன் சத்தமாக எண்ணினான். பதினேழாவது படியில் நான் கேட்டேவிட்டேன், காலையில் மனசுக்குள்ளேயே சுத்தினீங்களே, இதையும் அப்படியே ஏறியிருக்கலாமே என்று.

"சடாரியை மனசுக்குள்ளயா வப்பாங்க? தலையிலதான்டா வப்பாங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டு, பதினெட்டாவது படிக்குக் காலைத் தூக்கினார்.

வரும்போது கோயில் இட்லி வாங்கினோம், மந்தாரை இலை வாசத்தோடு, சுக்கும் மிளகும் சீரகமும் நாக்கில் நறநறவென்று. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றுதான் வாங்கியது. நசரத்பேட்டை தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.